நாயின் பெயர், சிங்கத்தின் குரல்! டிட்டா ருஃபோவைத் தெரியுமா?

மைக் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. முன்னால் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்கும். அதையும் மீறி, மேல்மாடத்தின் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். அதுதான் ஆப்பரா! அங்கே உச்சஸ்தாயியில் பாடும் டெனருக்கும், அடிக்குரலில் அதிரும் பேஸுக்கும் நடுவில் இருப்பது பாரிடோன். காதலன் வேடம் பெரும்பாலும் டெனருக்குப் போய்விடும். அப்பா, ராஜா, வில்லன் வேடங்கள் பாரிடோனுக்கு வரும். அந்தப் பாரிடோன்களில் ‘சிங்கக் குரல்’ என்று கொண்டாடப்பட்டவர் இத்தாலியின் டிட்டா ருஃபோ. அவர் வாழ்க்கையில்தான் எத்தனை ஆச்சரியங்கள்!

★ செத்துப்போன நாயின் பெயர்!
1877-ல் பைசா நகரில் பிறந்தவருக்கு அப்பா வைத்த பெயர் ருஃபோ. அது யார் பெயர் தெரியுமா? அப்பா உயிராய் வளர்த்து, பறிகொடுத்த வேட்டை நாயின் பெயர்! குடும்பப் பெயர் டிட்டா. மேடை ஏறியபோது இரண்டையும் முன்பின்னாக மாற்றிக்கொண்டார். ருஃபோ டிட்டா, டிட்டா ருஃபோ ஆனார்!

★ பட்டறையிலிருந்து மேடைக்கு!
சிறுவயதில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரோமில் அப்பா நடத்திய இரும்புப் பட்டறைதான். பள்ளிப் படிப்பு அவ்வளவாக இல்லை. இசை படித்துக்கொண்டிருந்த அண்ணன் எத்தோரே ஒருநாள் அவரை ரோமின் கொஸ்தான்ஸி அரங்குக்கு அழைத்துப்போய் ஓர் ஆப்பரா காட்டினார். பையனுக்குள் பாட்டு புகுந்துகொண்டது! புகழ்பெற்ற சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியரோ, “உன்னுடையது பேஸ் குரல்” என்று தப்புக் கணக்குப் போட்டார். ருஃபோ வெளியேறி, மிலானில் வேறு குருவைத் தேடிக்கொண்டார். 1898-ல் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ ஆப்பராவில் கட்டியக்காரனாக முதன்முதலில் மேடை ஏறினார். எங்கே? அதே கொஸ்தான்ஸி அரங்கில்!

★ “எனக்கு அப்பாவா? இவரா?”
1903. லண்டன் கோவென்ட் கார்டன். வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ ஒத்திகை. கூன் விழுந்த விதூஷகன் ரிகொலெட்டோவாக, இருபதுகளில் இருந்த ருஃபோ. அவருக்கு மகளாக நடிக்க வேண்டியவர், நாற்பதைத் தாண்டிய உலக நட்சத்திரம் நெல்லி மெல்பா! ஒத்திகையில் ருஃபோவின் குரல் அரங்கத்தையே அதிரவைத்தது. மெல்பாவோ, அப்பா வேடத்துக்கு இவருக்கு வயது போதாது என்று மறுத்துவிட, வாய்ப்பு கைநழுவியது. ஆண்டுகள் ஓடின. நேப்பிள்ஸில் ருஃபோவைக் கேட்டு வியந்த மெல்பா, அவருடன் பாட ஆசைப்பட்டார். என்னோடு பாட அவருக்கு வயது அதிகம் என்று ருஃபோ பதில் அனுப்பினாராம்!

★ ஒரே இசைத்தட்டில் இரண்டு சிகரங்கள்!
1914 ஜனவரி. டெனர் சக்கரவர்த்தி என்ரிகோ கரூசோவும் ருஃபோவும் அமெரிக்காவில் விக்டர் கம்பெனிக்காகச் சேர்ந்து பாடினார்கள். மின்சார ஒலிப்பதிவு வராத காலம். பெரிய குழல் ஒன்றுக்குள் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். பாடியது வெர்டியின் ‘ஒதெல்லோ’வில் வரும் பழிவாங்கும் சபதம். இதில் இன்னொரு வியப்பு: கரூசோ வாழ்நாளில் ஒருமுறைகூட மேடையில் ஒதெல்லோவாக நடித்ததில்லை!

★ அவருக்காகவே ஓர் ஆப்பரா!
‘பல்யாச்சி’ தந்த லியோன்கவாலோ, ருஃபோவை மனதில் வைத்து ‘ஈடிபஸ் ராஜா’ கதையை ஆப்பராவாக்கத் தொடங்கினார். 1919-ல் இசையமைப்பாளர் காலமானார். மறு ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் அது அரங்கேறியது. ராஜாவாக நின்றவர் ருஃபோவேதான்!

★ முசோலினிக்கு முன் வளையாத குரல்!
இதைப் படித்தால் அவர் மேல் மரியாதை பல மடங்கு கூடும். ருஃபோவின் தங்கை வேலியாவின் கணவர் யார் தெரியுமா? ஜாக்கமோ மாட்டியோட்டி! 1924 மே 30 அன்று, முசோலினியின் பாசிஸ்டுகளுடைய தேர்தல் அராஜகத்தை நாடாளுமன்றத்திலேயே தோலுரித்த சோஷலிஸ்ட் எம்.பி. பதினோராம் நாள், ஜூன் 10 அன்று, ரோமில் பட்டப்பகலில் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள். உடல் கிடைத்தது ஆகஸ்டில்! தங்கையின் தாலியறுத்த கூட்டம் ஆளும் நாட்டில் இனி பாடுவதில்லை என்று ருஃபோ இத்தாலிய மேடைகளுக்கு முதுகு காட்டினார். தாய்நாட்டு ரசிகர்கள், அங்கே கிடைத்த பணம், புகழ் எல்லாவற்றையும் விட்டார். 1937-ல் ரோமில் அவரைக் கைது செய்தார்கள். விடுவித்த பிறகும் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள்.

★ சொல்லிக்கொடுக்க மாட்டேன்!
1930-களின் தொடக்கத்தில் மேடையை விட்டார் ருஃபோ. கையில் காசு குறைந்த நாளிலும் பாட்டு வகுப்பு எடுக்க மறுத்தார். பாடும் முறை தனக்கே சரியாகத் தெரியாததால்தான் ஐம்பது வயதுக்குள் குரல் போயிற்று. தெரியாததைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்து காசு வாங்க உரிமையில்லை என்பது அவர் கட்சி. என்ன நேர்மை! 1953-ல் ஃபிளாரன்ஸில் மறைந்தார்.

அந்தக் குரல் இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் கரூசோவோடு பாடிய சபதத்தைக் கேளுங்கள். அடுத்து, தோமாவின் ‘ஹாம்லெட்’டில் வரும் மதுப் பாட்டு. வாத்தியங்கள் ஓய, ஒரே மூச்சில் ஸ்வரங்களைச் சுழற்றுவார் பாருங்கள், மூச்சுவிட நீங்களும் மறந்துபோவீர்கள்!