ஒருங்கே பற்றும் தீ

வாணம் என்னுஞ் சொல் வடமொழிப் பாணத்தின் தமிழுருவம். பாணமாவது அம்பு. திருவிழாக்களில் விண்ணேறும் நெருப்புக்கு இப்பெயரிட்டவர் கண்ணுடையவர். அதன் அடியில் தொங்குவது திரி, திரித்தலால் திரி. கையால் திரித்த இரண்டு திரிகள் ஒரே விரைவில் எரிவது அரிது. வாணம் ஒன்றாயின் அதனால் இழுக்கில்லை. அரை நொடி பிந்தினும் தன்பாட்டில் ஏறும். மூன்று நான்கு வாணங்களை ஓருடலிற் கட்டி ஏற்றப் புகும்போதன்றோ திரியின் குற்றம் வெளிப்படுகின்றது!

அண்மையில் மாணவர் சிலர் என்னிடம் ஒரு சொல் வேண்டி வந்தனர். தம்பிலுவிற் பிள்ளைகளும் அக்கரைப்பற்று முஸ்லிம் பிள்ளைகளும் அவருள் இருந்தனர். மாதிரி ரொக்கெட்டிலே மோட்டர்கள் நான்கைக் கொத்தாக வைத்து, அவற்றை மின்னாற் பற்றவைக்கும் சிறு கருவியைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது என்பது வினா. ‘எரியூட்டி’ என்றான் ஒருவன். எனக்கு அது உவப்பாகவில்லை. எரியூட்டல் இன்று செய்தித்தாள்களிற் சுடலைக்குரிய சொல்லாகிவிட்டது. ‘தீமூட்டி’ போதும் என்றேன். சொல்லைப் பெற்று அவர்கள் போயினர். பொருள் என்னை விடவில்லை. கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் பயின்றவனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். பொருளறியாது சொல்லாக்குதல் பண்டிதர்க்கு அழகன்று, ஆதலாற் படித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. 100 முறையில் 95 முறை பற்றும் தீமூட்டி நல்லதென்றே தோன்றும். அத்தகையன நான்கு சேர்ந்தால், நான்கும் பற்றுவது 100க்கு ஏறக்குறைய 81 முறையே. ஐந்து ஏவலுக்கு ஒன்று பழுதென்க. ஒவ்வொன்றும் 99 முறை பற்றுவதாயின் நான்கும் பற்றுவது 96 முறையாக உயரும். மூன்று பற்றி ஒன்று பற்றாத ரொக்கெட் சற்றே தாழப் பறக்கும், அவ்வளவுதான் என்று எண்ணற்க. உந்தல் ஒருபக்கமாக, அது சாயும்; பார்த்து நிற்கும் பிள்ளைகளை நோக்கியும் திரும்பலாம்.

எங்கள் கரையை அலைக்கும் வங்கக் கடலே, வடக்கே ஆந்திரத்து ஸ்ரீஹரிக்கோட்டாவையும் அலைக்கின்றது. இந்திய விண்கலங்கள் ஏறும் அத்தீவு இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1987 மார்ச் 24இல் ஏ.எஸ்.எல்.வி. என்னும் கலம் முதன்முறை ஏவப்பட்டது. பக்கத்து மோட்டர்கள் இரண்டும் எரிந்து முடிந்தன. அடுத்துப் பற்றவேண்டிய நடு மோட்டர் பற்றவில்லை. கலம் கடலில் வீழ்ந்தது.

2001 மார்ச் 28இல் நிகழ்ந்தது இன்னும் நயமானது. அன்று மேடையில் நின்றது ஜி.எஸ்.எல்.வி. நடுவே திண்ம எரிபொருள் மோட்டர் ஒன்று. அதனைச் சூழத் திரவ எரிபொருள் எந்திரங்கள் நான்கு. நான்குமே முதலிற் பற்றும். ஏறக்குறைய 5 நொடிக்குள் கணினி அவற்றின் உந்தலை ஆராயும். நான்கும் செம்மையெனின் மட்டுமே நடு மோட்டருக்குத் தீ. ஏன் இந்த ஒழுங்கு? திரவத்தின் வரவை அடைத்தால் தீ அணையும். திண்மமோ பற்றினாற் பற்றியதுதான்; வில்லினின்று நீங்கிய அம்பு. அன்று நான்கனுள் ஒன்று உரிய உந்தலைத் தரவில்லை. புறப்பாட்டுக்கு ஒரு நொடியே இருக்கையிற் கணினி யாவற்றையும் அணைத்தது. கலம் மேடையிலேயே நின்றது. பழுது நீக்கியபின் ஏப்ரல் 18இல் ஏறிற்று. மார்ச் மாத நிகழ்ச்சியைத் தோல்வி என்பாரும் உளர். நான் அவ்வாறு கொள்ளேன்.

மாணவர் கையாளும் மாதிரி மோட்டர்களில் இவ்வசதி இல்லை. கருமருந்தாயினும் கலவை எரிபொருளாயினும் அவை திண்மம். பற்றியபின் அணைக்க வழியில்லை. ஆராய 5 நொடியும் இல்லை. சோதனையெல்லாம் பொத்தானை அழுத்துமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும்.

தீமூட்டியின் அமைப்பு எளிது. மெல்லிய கம்பி, அதன் நுனியில் மருந்துப் பூச்சு. மின் பாயக் கம்பி சுடும், பூச்சு எரியும், அச்சுவாலை மோட்டரைப் பற்றும். ‘எது மிகச் சிறந்தது?’ என்று கேட்பதினும் ‘எவை ஒத்தவை?’ என்று கேட்பதே கொத்துக்குத் தகும். ஒரே செய்கை, ஒரே தொகுதியிலிருந்து எடுக்க. மோட்டரிற் செருகுமுன் ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து, மாறுபட்டதை ஒதுக்குக. குறைந்த மின்னோட்டத்திற் பற்றுவதாயின் மிக நன்று. செருகும்போது நுனி மருந்தைத் தொட்டிருத்தல் இன்றியமையாதது. விரற்கடை விலகினும் வீண். கருமருந்து விரைந்து பற்றும். கலவை எரிபொருள் தாமதிக்கும். எவ்வளவு என்பதும் நிலையன்று. ஆதலாற் புதியவர்க்குக் கருமருந்துக் கொத்தே ஏற்றது. இவற்றை ஆலையிற் செய்தனவாக, அனுமதியோடு வாங்குக; வீட்டிற் செய்யப் புகுதல் விரலுக்கும் விழிக்கும் கேடு.

இணைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடராக இணைத்தால், முதலிற் பற்றியதன் கம்பி அறுந்து மற்றவற்றின் மின்னையும் அறுக்கும். சமாந்தர இணைப்பே வேண்டும். ஒன்றுக்கு 2 அம்பியர் வேண்டின் நான்குக்கு 8 அம்பியர். கைவிளக்குக் கலங்கள் அதனைத் தாங்கா. காரின் 12 வோல்ற்று மின்கலவடுக்குத் தாங்கும்.

இனி எங்கள் கரைக்கென்றே ஓர் எச்சரிக்கை. உப்புக்காற்றிற் கவ்விகள் துருவேறும்; துரு மின்னைத் தடுக்கும். நான்கு கவ்விகளில் ஒன்று துருவேறினும் அந்த மோட்டர் பிந்தும். ஒவ்வோர் ஏவலுக்கு முன்னும் அரத்தாளால் தேய்க்க. மாரிக்காலத்திற் கருமருந்து ஈரத்தை உறிஞ்சும். இறுக மூடிய பேழையில் வைக்க.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் பற்றாவிடின்? மாணவன் ஓடிச்சென்று குனிந்து பார்ப்பான். ஆசிரியர் அருகிருக்கவேண்டியது அதற்கே. சாவியைக் கழற்றி, 60 நொடி கழிந்தபின்னரே அணுகுக என்பது அமெரிக்க மாதிரி ரொக்கெட் சங்கத்தாரின் விதி. அதன்பின் தீமூட்டிகள் நான்கையும் மாற்றுக. பார்வைக்குப் பழுதில்லை என்று பழையதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளற்க.