ஆன்லைன் காசினோ: திரையில் தெரியும் பணம் உங்களுடையதா?

கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். ஓரத்தில் ஒரு விளம்பரம் மின்னுகிறது: "இன்றே சேருங்கள், ரூ.10,000 போனஸ்!" கிளிக் செய்தால் சுழலும் சக்கரமும் சீட்டுக்கட்டுமாக ஒரு காசினோ திறக்கிறது. பக்கத்தின் அடியில் ஏதோ ஒரு தீவின் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறது. "லைசென்ஸ்தான் இருக்கிறதே, ஆயிரம் ரூபாய் போட்டுப் பார்த்தால் என்ன?" என்று தோன்றலாம். போடும் முன் எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று பார்ப்போம்.

கிரே மார்க்கெட் என்றால் என்ன?

ஒரு நாட்டில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, அந்த லைசென்ஸ் செல்லாத மற்ற நாட்டுக்காரர்களையும் ஆட அழைக்கும் தளங்களைத்தான் கிரே மார்க்கெட் தளங்கள் என்கிறார்கள். முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவு இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பல ஆண்டுகளாக நான்கு நிறுவனங்கள் மட்டும் மாஸ்டர் லைசென்ஸ் வைத்துக்கொண்டு, மற்ற தளங்களுக்குத் துணை லைசென்ஸ் கொடுத்து வந்தன. 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டப்படி, அரசு அமைப்பே நேரடியாக லைசென்ஸ் தருகிறது. எப்படி இருந்தாலும், அந்த லைசென்ஸை நம்பி நம் ஊர்க் காவல் நிலையத்திலோ நுகர்வோர் நீதிமன்றத்திலோ பணத்தை மீட்டுவிட முடியும் என்று எண்ண வேண்டாம்.

முதல் ரிஸ்க்: ஆட்டத்தின் கணக்கு

இது ஒளிவுமறைவு இல்லாத ரிஸ்க். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணில் ரூ.100 வைத்து ஜெயித்தால், வைத்த பணத்துடன் சேர்த்து ரூ.3,600 கிடைக்கும். 37 எண்களிலும் நூறு நூறாக வைத்தால் ரூ.3,700 செலவு. வரவோ ரூ.3,600. அதாவது நூற்றுக்கு ரூ.2.70 காசினோவுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்து 38 எண்கள். அங்கே நஷ்டம் நூற்றுக்கு ரூ.5.26.

போனஸையும் இப்படியே கணக்கிடுங்கள். "35 மடங்கு ஆடிய பிறகே பணம் எடுக்கலாம்" என்று விதி இருந்தால், ரூ.10,000 போனஸுக்கு ரூ.3,50,000 அளவுக்குப் பந்தயம் வைக்க வேண்டும். 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் ஆட்டத்தில் இதன் சராசரி நஷ்டம் ரூ.14,000. போனஸை விட இது அதிகம்!

நேர்மையான தளத்திலும் இந்த நஷ்டம் உண்டு. ஆனால் இதை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. அடுத்து வருபவற்றைக் கணக்கிடவே முடியாது.

இரண்டாவது ரிஸ்க்: சாஃப்ட்வேர்

சீட்டைக் கலைப்பது யார்? எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் ஓடும் புரோகிராம். 1999-இல் ஏ.எஸ்.எஃப். என்ற நிறுவனம் தன் போக்கர் சாஃப்ட்வேர் நேர்மையானது என்று காட்ட, சீட்டைக் கலைக்கும் புரோகிராம் வரிகளை வெளியிட்டது. சில கம்ப்யூட்டர் பாதுகாப்பு வல்லுநர்கள் அதை ஆராய்ந்தார்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் கடந்திருக்கிறது என்ற எண்ணை வைத்தே சீட்டுகள் கலைக்கப்படுவது தெரிந்தது. ஒரு நாளில் 8,64,00,000 மில்லி செகண்ட்கள்தான் உண்டு. சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துப்போகச் செய்ததும், ஆராய வேண்டிய அடுக்குகள் சுமார் இரண்டு லட்சமாகக் குறைந்தன. ஐந்து சீட்டுகள் தெரிந்தால் மற்ற எல்லாச் சீட்டுகளையும் சொல்ல முடிந்தது.

அது கவனக்குறைவு. 2007-இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் நடந்தது மோசடி. எதிராளிகளின் சீட்டுகளை எல்லாம் பார்க்கக்கூடிய ஓர் அக்கவுண்ட்டை உள்ளே இருந்தவர்களே பயன்படுத்தினார்கள். சந்தேகப்பட்ட ஓர் ஆட்டக்காரர் ஆட்ட விவரங்களைக் கேட்டபோது, அனைவரின் சீட்டுகளும் ஐ.பி. முகவரிகளும் அடங்கிய எக்ஸெல் பைல் தவறுதலாக அவருக்கு வந்து சேர்ந்தது. அதை அலசித்தான் ஆட்டக்காரர்கள் மோசடியைக் கண்டுபிடித்தார்கள். லைசென்ஸ் கொடுத்திருந்த கனடாவின் கானவாகே ஆணையம் 2008-இல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த பைல் வராமல் போயிருந்தால்?

மூன்றாவது ரிஸ்க்: பணம் எங்கே இருக்கிறது?

இதுதான் மிக முக்கியமானது. உங்கள் அக்கவுண்ட்டில் ரூ.25,000 என்று காட்டினால், அது வங்கியில் இருக்கும் பணம் அல்ல. அந்தத் தளத்தின் டேட்டாபேஸில் உள்ள ஓர் எண், அவ்வளவுதான்.

ஃபுல் டில்ட் போக்கர் உலகப் புகழ் பெற்ற தளம். இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் லைசென்ஸ் பெற்றது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதன் மீது நடவடிக்கை எடுத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதுவரை எல்லோருடைய திரையிலும் முழுத் தொகையும் அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது! 2012-இல் வேறொரு பெரிய நிறுவனம் அரசோடு உடன்பாடு செய்து அதை வாங்கியதால் பணம் திரும்பியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014-இல்தான் பணம் வரத் தொடங்கியது. பெயர் தெரியாத ஒரு சிறு தளம் மூடப்பட்டால், அதை வாங்கிக் கடனை அடைக்க யார் வருவார்கள்?

தளம் மூடப்படாவிட்டாலும் பணம் நிற்கலாம். "இந்த நாட்டினர் ஆடக்கூடாது", "வி.பி.என். பயன்படுத்தினால் வென்ற தொகை ரத்து" என்ற விதிகள் பல தளங்களில் உண்டு. பணம் போடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. எடுக்கும்போதுதான் கேட்பார்கள்.

நான்காவது ரிஸ்க்: சட்டமும் வங்கிக் கணக்கும்

இந்தியாவில் இது இப்போது "கிரே" கூட இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும், விளம்பரம் செய்வதையும், அவற்றுக்குப் பணப் பரிமாற்றம் செய்து தருவதையும் குற்றமாக்குகிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டத்தில் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

இதனால் இத்தகைய தளங்கள் பெரும்பாலும் தனி நபர்களின் யு.பி.ஐ. முகவரிகள் வழியாகவே பணம் வாங்குகின்றன. முகவரி அடிக்கடி மாறும். அவற்றில் பல வாடகைக்கு எடுத்த கணக்குகள். அதே கணக்கில் வேறு மோசடிப் பணமும் புரண்டிருக்கலாம். அதிலிருந்து உங்களுக்கு ரூ.2,000 வந்தாலும், சைபர் போலீஸ் விசாரணையில் உங்கள் சம்பளக் கணக்கும் முடக்கப்பட வாய்ப்புண்டு.

மேலும், இவற்றின் ஆப்கள் பலவற்றைப் பிளே ஸ்டோருக்கு வெளியே ஏ.பி.கே. பைலாக இறக்கச் சொல்வார்கள். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடுத்துவிட்டால், உங்கள் வங்கி ஓ.டி.பி.யும் அதன் கண்ணில் படும். "பணம் எடுக்க ஆதார், பான் நகல் அனுப்புங்கள்" என்பதும் வழக்கம். அனுப்பிய நகலைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஏற்கெனவே பணம் போட்டவரா?

* இருக்கும் தொகையை எடுக்க, "வரி", "சரிபார்ப்புக் கட்டணம்" என்று மேலும் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

* திரைக்காட்சி, யு.பி.ஐ. பரிமாற்ற எண், உரையாடல் அனைத்தையும் முதலில் சேமித்திடுங்கள். பிறகு ஆப்பை நீக்கிடுங்கள்.

* நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் மாற்றிடுங்கள். வங்கிக்குத் தகவல் கொடுங்கள்.

* ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுக்க முடியலாம்.

* விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுத்தால், வீட்டில் ஒருவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

ஆக, "ஆயிரம் ரூபாய் போட்டுப் பார்த்தால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஆட்டத்தில் போவது அந்த ஆயிரம் ரூபாய். அதோடு சேர்த்துப் பணயம் வைப்பது உங்கள் வங்கிக் கணக்கு, அடையாள ஆவணங்கள், போன் ஆகியவற்றை. ஜெயித்தாலும் பணத்தைத் தர வேண்டியவர் யார், தராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்குப் பதில் இல்லாத தளத்தில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.