மீன் தலையில் உறையும் செல்வம்

மும்பையின் சசூன் துறையிலும், கொச்சியின் தோப்பும்படியிலும், சௌராஷ்டிரக் கரையிலுள்ள வேராவலிலும் விடியற்காலையில் நின்று பார்த்த நேயர்கள் ஒரு காட்சியை அறிந்திருப்பார்கள். ஒருபுறம் துண்டாக்கிய மீன் பனிக்கட்டிக்குள் அடைக்கப்படுகிறது. மறுபுறம் தலையும் குடலும் ஈரலும் முள்ளும் மலைபோற் குவிகின்றன. சில மீன்களில் எடையின் பாதி இவ்வாறே ஒதுக்கப்படுகிறது. குமரிக் கரையிலிருந்து கொச்சிக்குச் சென்று ஆழ்கடலில் உழைக்கும் நம்மவரும் பலர். ஆதலின் இக்குவியல் வெறும் குப்பைதானா என்று ஆராய்வது நமக்கு அயலான செய்தி அன்று.

நெய் குளிரில் உறைகிறது. மீன் எண்ணெயோ எளிதில் உறைவதில்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதியாக இருப்பதே காரணம். அவற்றுள் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இரண்டு முக்கியமானவை. 20 கரியணுக்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் உடையது இ.பி.ஏ.; 22 கரியணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் உடையது டி.எச்.ஏ. பின்னது நமது மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் அமைந்துள்ள பொருள். ஆளிவிதை போன்றவற்றிலுள்ள கொழுப்பை நம் உடல் இவ்வாறு மாற்றிக்கொள்வது மிகச் சிறிதளவே. கடலின் நுண்பாசிகள் ஆக்கும் இச்செல்வம், ஒன்றையொன்று உண்ணும் உயிர்களின் வழியே மீனைச் சேர்கிறது. சாளை அதனைத் தசையிலும், சுறா ஈரலிலும் சேமிக்கின்றன. சூரை மீனின் கண்குழியைச் சூழ்ந்த கொழுப்பில் டி.எச்.ஏ. மிகுதி. இறாலின் தலையிலோ கொழுப்புடன் செந்நிறப் பொருளாகிய அஸ்டாக்சாந்தினும் உண்டு.

நம் நாட்டில் மீன் எண்ணெய் புதிதன்று. மலபார்க் கரையில் மத்தியை வேகவைத்து எண்ணெய் எடுத்து, எஞ்சியதை எருவாக்கினர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவின் காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, வைட்டமின் ஏ மிகுந்த சுறா ஈரல் எண்ணெய் நம் கரைகளிலேயே எடுக்கப்பட்டது. குஜராத்தில் மரப்படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகத் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்பட்டன. அவ்வுயிர் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. எண்ணெயின் பொருட்டு ஓர் அரிய உயிரை அழித்தோம். அதே வேளையில் துறைமுகக் குவியலில் எண்ணெயை அழுகவிட்டோம்!

அதனைப் பிரித்தெடுக்கும் முறை கடினமானதன்று. கழிவை நறுக்கி வேகவைத்துப் பிழிந்தால் நீரும் எண்ணெயும் வெளிப்படும். சுழற்பொறி அவற்றைத் தனித்தனியே பிரிக்கும். பின்னர் பசையும் அமிலமும் நிறமும் நாற்றமும் நீக்கப்படும். எஞ்சிய சக்கை உலர்ந்து மீன்மாவாகும். தூய எண்ணெய் மாத்திரைகளுக்கும் செறிவூட்டிய உணவுகளுக்கும் உதவும். அடுத்த தர எண்ணெய் வளர்ப்பு மீன், இறால் ஆகியவற்றின் தீவனத்திற்குப் பயன்படும். தோல் பதனிடுவதற்கும் மீன் எண்ணெய் வேண்டப்படுகிறது.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. எந்த இரட்டைப் பிணைப்புகள் இக்கொழுப்புக்குச் சிறப்பளிக்கின்றனவோ, அவையே காற்றிலுள்ள பிராணவாயுவுடன் விரைந்து சேர்ந்து எண்ணெயைக் காறச் செய்கின்றன. குடலும் ஈரலும் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாற் போதும். அவற்றின் நற்பயன் குறையத் தொடங்கும். ஆகவே தசைக்கு இடும் பனிக்கட்டியைத் தலைக்கும் குடலுக்கும் இடுவதே முதற்படி. அதற்கான செலவையும் வருவாயையும் வலையிழுப்பவரும் மீன் தரம்பிரிக்கும் பெண்களும் ஆலையினரும் நியாயமாகப் பகிர்ந்துகொண்டாலன்றி, இக்காரியம் நிலைபெறாது.

இல்லத்தார்க்கும் ஒரு சொல். அயலூர்ச் சந்தையில் மீன் வாங்கும்போது தலையை விட்டுவிட்டு வருதல் வேண்டா. புதிய மீனாயின் அதனைக் குழம்பில் இடுங்கள். கொழுப்பு குழம்பிலேயே தங்கும். ஈரல் எண்ணெயை மட்டும் மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது. மிகுதியான வைட்டமின் ஏ தீங்கு தரும்; கருவுற்ற பெண்டிர் இதிற் சிறப்பாக விழிப்புடன் இருத்தல் வேண்டும். எண்ணெய் மாத்திரை இதயநோயைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. மீனை உணவாக உண்பதே நமக்கு எளிய வழி.

கடல் நமக்கு முழு மீனைத் தருகிறது. பாதியை ஏற்று மீதியை அழுகவிடுவது, உழைத்தவர் வியர்வையையும் அழுகவிடுவதாகும்.