பழைய இரும்புக் கடை டிரான்ஸ்ஃபார்மர்... ஆம்ப்ளிஃபையருக்கு செட்டாகுமா?

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் கழித்துக்கட்டும் கன்ட்ரோல் பேனல்கள் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குத்தான் வரும். அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் எடைக்குக் கிடைக்கிறது என்றால், வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்பவர்களுக்கு ஆசை வரும்தானே? ஆனால், கனமாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

முதலில் லேபிளைப் பாருங்கள். பேனல் டிரான்ஸ்ஃபார்மர்களில் பல, 415 வோல்ட்டை 110 ஆகக் குறைப்பவை. வீட்டு 230 வோல்ட்டில் இணைத்தால் சுமார் 61 வோல்ட் வரும். டிசி-யாக மாற்றினால் அது 86 வோல்ட்! சின்ன போர்டு புகைந்துவிடும்.

கணக்கு எளிது. ஏசி வோல்ட்டை 1.4-ஆல் பெருக்கினால் டிசி. 12-0-12 என்றால் பிளஸ், மைனஸ் 17 வோல்ட். 18-0-18 என்றால் 25. பலரும் பயன்படுத்தும் டிடிஏ 2030 ஐசி தாங்குவது பிளஸ், மைனஸ் 18 வரைதான். பாட்டு ஓடாதபோது வோல்ட் இன்னும் ஏறும் என்பதால், அதற்கு 12-0-12 கூட விளிம்புதான்.

லேபிள் அழிந்திருந்தால்? காயிலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என மல்டிமீட்டரில் பாருங்கள், இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால், எலெக்ட்ரீஷியன் உதவியோடு 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு, அவுட்புட்டில் எதையும் இணைக்காமல் கரன்ட் கொடுங்கள். பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால், அவுட்புட் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

தேர்வானாலும் பிரைமரியில் ஃபியூஸ், சட்டத்துக்கு எர்த் கட்டாயம். பாட்டு கேட்கத்தானே இத்தனையும்... ஷாக் அடிக்க அல்லவே!