விளையாட்டுக்கு விலை என்ன?

விளையாடுவது குழந்தையின் உரிமை. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று தன் அட்டவணையில் வரையறுத்துள்ளது. சட்டம் இருக்கிறது, பாடவேளையும் இருக்கிறது. ஆனால் 'விளையாட்டு' என்று நாம் எதைச் சொல்கிறோம்? காலாண்டு விடுமுறையில் நடந்த ஒரு சிறு நிகழ்வு என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது.

ஒரு மணி நேரம், 500 ரூபாய்

கோவையில் குழந்தைகளுக்கான உள்ளரங்க விளையாட்டுக் கூடங்கள் இப்போது பெருகி வருகின்றன. அப்படி ஒன்றுக்குக் குடும்பமாகப் போனோம். மகள் நான்காம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது. தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய், காலுறைக்குத் தனிக் காசு. கையில் பட்டை கட்டி உள்ளே அனுப்பினார்கள். ஆறு வயது வரை ஒரு பக்கம், அதற்கு மேல் இன்னொரு பக்கம், நடுவே வலை. வீட்டில் எப்போதும் சேர்ந்தே திரியும் அக்காவும் தம்பியும் வலைக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் பந்துக் குளத்திலிருந்து நாலைந்து பந்துகளை அள்ளிச் சறுக்கு மரத்தின் உச்சிக்குக் கொண்டு போனாள். உருட்டிவிட்டால் எது முதலில் கீழே போகும் என்று பார்க்க வேண்டுமாம். "பந்தை வெளியே எடுக்கக் கூடாது பாப்பா" என்று பணியாளர் அன்பாகவே வாங்கி வைத்துவிட்டார். நாற்பதாவது நிமிடத்தில் இருவரும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். "எல்லாத்தையும் பண்ணியாச்சும்மா" என்றாள் மகள். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, காசு கட்டியாச்சு, போய் விளையாடுங்க" என்றார் என் கணவர். இருவரும் எழுந்து போனார்கள், வீட்டுப்பாடம் எழுதப் போவது போல.

அந்தக் கூடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுத்தமாக இருந்தது, விழுந்தால் அடிபடாது, வெயில் மழை பாதிப்பில்லை. திண்ணையும் வாசலும் இல்லாத அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு ஏறவும் குதிக்கவும் அது ஓர் இடம். இத்தனை இருந்தும் விளையாட்டு ஏன் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துபோனது என்பதுதான் ஆசிரியர்களாகிய நாம் யோசிக்க வேண்டியது.

எது விளையாட்டு?

முதலாவது, விளையாட்டு குழந்தை தானே தேர்ந்தெடுப்பது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, யாரைச் சேர்ப்பது என்ற முடிவு குழந்தையின் கையில் இருக்க வேண்டும். 'போய் விளையாடு' என்று கட்டளையிட்டவுடன் அது வேலையாகிவிடுகிறது.

இரண்டாவது, மாற்றி அமைக்கக்கூடிய பொருள்கள். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். ஓரிடத்தில் நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவு கூடுதலாக உள்ளனவோ, அந்த அளவுக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அங்கே கூடும் என்பது அவர் கருத்து. அதற்கு வெகு முன்பே டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன், அழகாக அமைத்த பூங்காக்களைவிடக் கட்டடம் எழும் இடங்களிலும் பழைய சாமான்களுக்கு நடுவிலும் பிள்ளைகள் ஆர்வமாக விளையாடுவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகை, செங்கல், பழைய சாமான்கள் கொண்ட ஒரு திடல் உருவானது. சறுக்கு மரத்தில் சறுக்க மட்டுமே முடியும். ஒரு பலகை பாலமாகும், கடையாகும், பேருந்தும் ஆகும். என் மகள் பந்துகளை மேலே கொண்டு போனபோது செய்ய முயன்றதும் இதுவே.

மூன்றாவது, கூட்டு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அருகருகே விளையாடுவதையும் கூடி விளையாடுவதையும் வெவ்வேறு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். முன்னதில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள், ஆட்டம் அவரவருக்குத் தனி. பின்னதில் பொது நோக்கமும் ஆளுக்கொரு பங்கும் உண்டு. ஒரு மணி நேரக் கூடத்தில் முன்பின் அறியாத பிள்ளைகள் அருகருகே விளையாடலாம். கூடி விளையாடும் அளவுக்குப் பழக நேரம் கிடைப்பதில்லை.

நான்காவது, விதி. பாண்டி ஆட்டத்தைப் பாருங்கள். கோட்டை மிதித்தாயா இல்லையா என்ற சண்டை இல்லாமல் ஒரு நாளும் பாண்டி முடிவதில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கப் பெரியவர்கள் இல்லாதபோது பிள்ளைகள் தாமே பேசி முடிக்கிறார்கள், விதியைத் திருத்துகிறார்கள். குட்டித் தம்பி வந்து நின்றால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள்: அவன் ஆடலாம், அவுட் ஆனாலும் கணக்கில்லை. அந்தப் பெயரை நாம் மாற்றிக்கொள்ளலாம். சின்னவனையும் விட்டுவிடாத அந்த ஏற்பாட்டைப் பெரியவர் யாரும் சொல்லித் தரவில்லை என்பதே முக்கியம்.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், "எங்கீங் டீச்சர் போனீங்க?" என்ற விசாரணை. சொன்னேன். சூலூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஒன்றியப் பள்ளியில் பெரும்பாலும் மில், விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். "எவ்வளவுங் டீச்சர்?" என்று கேட்ட மாணவி, தொகையைக் கேட்டதும் மெதுவாகச் சொன்னாள்: "அது எங்கம்மாவோட ஒரு நாள் கூலிங் டீச்சர். நாங்கெல்லாம் அப்படி விளையாட முடியாதுங்."

காசு இருப்பவர்களுக்கே நல்ல விளையாட்டு, மற்றவர்களுக்கு ஏதோ மிச்சம் என்று ஒரு பத்து வயதுக் குழந்தை நம்பத் தொடங்கியிருக்கிறாள். இந்த நம்பிக்கை என்னை மிகவும் கலங்கச் செய்தது. அறிவுரையால் இதை மாற்ற முடியாது. பள்ளியில் நாம் என்ன வைத்திருக்கிறோம், எதற்கு நேரம் தருகிறோம் என்பதே அவளுக்கான பதில்.

தலைமையாசிரியரிடம் பேசி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குச் சேர்த்து ஒதுக்கினோம். பழைய டயர், கொட்டாங்குச்சி, நூல் சுற்றும் காலி கோன்கள், பழைய சேலை, புளியங்கொட்டை, சாக்பீஸ் ஆகியவற்றை வேப்ப மரத்தடியில் வைத்தோம். செலவு ஏதுமில்லை. முதல் வாரம், "என்ன பண்ணோணுங் டீச்சர்?" என்று பிள்ளைகள் வந்து வந்து கேட்டார்கள். இரண்டாம் வாரம் டயருக்குச் சண்டை. நான்காம் வாரம் சேலை கூரையாகி, கோன்கள் சுவராகி, புளியங்கொட்டை காசாகி, ஒரு சந்தையே முளைத்தது. கூலிக் கணக்குச் சொன்ன மாணவிதான் சந்தையில் சுங்கம் வசூலித்தாள்.

நாம் செய்யக்கூடியவை

• உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்காமல் காப்போம், தேர்வு நெருங்கும்போதும் கூட.

• எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் விளையாட்டு வழியே கற்பிக்கிறோம். அது நல்ல கற்பித்தல் முறை. ஆனால் அதன் நோக்கத்தை நாம் முடிவு செய்கிறோம். பாட நோக்கம் ஏதுமில்லாத விளையாட்டு நேரமும் தனியே வேண்டும்.

• வெவ்வேறு வயதினரைச் சேர்ந்து விளையாட விடுவோம்.

• உடைந்த கண்ணாடி, ஆணி, பூச்சி உள்ளனவா என்று முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவிட்டு, பார்வை எட்டும் தொலைவில் இருப்போம். அடிதடி இல்லாத சண்டையில் உடனே தலையிட வேண்டாம்.

• மாணவிகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்களா, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு ஆட்டத்தில் பங்கு இருக்கிறதா என்று கவனிப்போம்.

• பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் பேசுவோம்: உங்கள் பிள்ளை யாரோடு விளையாடுகிறாள், என்ன ஆட்டம் கண்டுபிடித்தாள்?