கிளியருக்கு ஈரம் ஆகாது

மெட்டாலிக் நிறம் அடித்த காரை, கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சை ஏற்றுவதற்கு முன்பு வந்து பார்க்கிற உரிமையாளருக்கு வயிறு எரியும். கேட்டது வெள்ளி நிறம். ஷெட்டில் நிற்பதோ மினுக்கே இல்லாமல் வெளிறிப்போன சாம்பல். பெயிண்டர் அசர மாட்டார். “கிளியர் விழட்டும்ணே, அப்புறம் பேசுங்க” என்பார்.

அவர் பேச்சில் இயற்பியல் இருக்கிறது. காய்ந்த பேஸ் கோட்டின், அதாவது நிறப் பூச்சின், மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. அதில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதற, நிறம் அந்த வெளிறலுக்குள் மறைந்துவிடுகிறது. கிளியர் அந்தப் பள்ளங்களை நிரப்பி, மேலே ஒரு சமதளத்தைப் போட்டுவிடுகிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5; பேஸ் கோட்டிலுள்ள பிசினுக்கும் ஏறக்குறைய அதே எண்தான். அதனால் இரண்டும் சேரும் இடத்தில் ஒளி தடுமாறாமல் உள்ளே போய், நிறமியைத் தொட்டுத் திரும்புகிறது. நேராக விழும் ஒளியில் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவது 4 சதவீதம் அளவுதான், அதுவும் ஒரே திசையில். அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆற்றில் காய்ந்து கிடக்கும் கூழாங்கல்லை நனைத்தால் நிறம் எழும்பி வருமே, அதே கணக்கு. கல் காய்ந்தால் பழையபடி வெளுத்துவிடும். கிளியர் காய்ந்த பின்னும் ஈரமாகவே தெரியும்.

நிறம் தரும் பேஸ் கோட்டின் தடிமன் 15 முதல் 20 மைக்ரான். மேலே நிற்கும் கிளியர் 40, 50 மைக்ரான். இரண்டையும் கூட்டினாலும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் தேறும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் இந்தப் படலத்தைச் சுமார் 140 டிகிரி அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள். வயரும் சீட்டும் பிளாஸ்டிக்கும் பூட்டிய வண்டியை அப்படிச் சுட முடியாது. எனவே போடியிலோ சிலமலையிலோ தகரக் கொட்டகைக்குள் டிங்கரிங் முடித்து, பட்டி தேய்த்து, பெயிண்ட் அடிப்பவர் வெப்பத்துக்குப் பதிலாக வேதியியலை நம்புகிறார். கிளியரோடு ஹார்டனர் கலப்பது இதற்காகத்தான். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது கிளியரின் அக்ரிலிக் பிசினிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பிடித்துப் பின்னி, கரையாத வலையாக மாற்றுகிறது. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் தொடங்கிவைத்த பாலியூரித்தேன் வேதியியல் இது.

பேஸ் கோட்டுக்குள் பெரும்பாலும் இந்தப் பின்னல் கிடையாது. தின்னர் ஆவியானால் காய்ந்துவிடும். அதனால்தான் நேரக் கணக்கு அவ்வளவு முக்கியம். ஈரம் போகுமுன் அவசரப்பட்டுக் கிளியர் அடித்தால், மெட்டாலிக் மினுக்கைத் தரும், படுத்துக்கிடந்த அலுமினியச் செதில்கள் மறுபடி மிதந்து திட்டுத்திட்டாய் ஒதுங்கும். உள்ளே மாட்டிய தின்னர் பிறகு கொப்புளமாய்க் கிளம்பும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலும் வம்புதான். பேஸ் கோட் மிகவும் காய்ந்து போனால் கிளியர் அதைக் கடித்துப் பிடிக்காது. சில மாதங்களில் தோலாக உரியும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை மதிப்பதுதான் புத்தி. வெயில் நாளில் பல தயாரிப்புகளுக்குக் கால் மணி நேரம் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கெடுக்க ஒன்று காத்திருக்கிறது: ஈரம். ஐசோசயனேட் தண்ணீரோடும் சேரும். சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிப்பட்டு, கண்ணாடிப் படலத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் நிற்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கம்ப்ரஷருக்குள்ளிருந்தே. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கி, டேங்கில் மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 4 கிராமுக்குக்கூட இடமில்லை. மீதி 20 கிராம் தண்ணீராகிவிடும். 10 கனமீட்டர் காற்றை இழுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர். டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்துவிட்டால் துருவோடு பழுப்பாகச் சீறி வருவது அதுதான். தினமும் திறந்துவிடாத ஷெட்டில், விலை உயர்ந்த கிளியரை வாங்கிக் கொடுத்துப் பிரயோசனமில்லை.

ஈரம் வரும் இன்னொரு வழி மலைப்பக்கம். ஆனி, ஆடியில் கேரளத்து மேகம் மேட்டைத் தாண்டி வந்து சாரலடிக்கும்போது போடிக்காற்றே நனைந்திருக்கும். கிளியரிலுள்ள தின்னர் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தகடு பனிநிலைக்குக் கீழே, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியும் அளவுக்கு, குளிர்ந்தால் படலத்தின் மேல் ஈரம் இறங்கி, பளபளப்பு மங்கிவிடும். மாலை மசங்கிய பிறகு அடிக்காதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கும் நம் பழக்கமும் கோடையில் சரி. சாரல் நாளில் நாமே ஈரத்தைக் கூட்டுகிறோம். குளிர் வேறு வேதிவினையை மந்தமாக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே சோப்புத் தண்ணீரில் கழுவக் கூடாது. உள்ளே பின்னல் முடியப் பல நாள் ஆகும்.

ஷெட்டைவிட்டு வெளியே போன வண்டிக்கு வெயில்தான் எதிரி. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறும் ஜீப், கீழிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் போகிறது. அந்த உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். நல்ல கிளியரில் இரண்டு காவல் உண்டு: கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றும் பொருள் ஒன்று, தப்பி வந்த கதிர் உடைத்துவிடும் மூலக்கூறுத் துண்டுகளைப் பிடித்து அடக்கும் பொருள் இன்னொன்று. இரண்டும் காலப்போக்கில் தீரும். முதலில் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியும். உரிந்த இடத்தில் மேலாக ஒரு கை கிளியர் அடித்துத் தரச் சொல்வது வீண் செலவு. பழைய படலத்தைத் தேய்த்து எடுத்து, பேஸ் கோட்டிலிருந்து மறுபடி தொடங்கத்தான் வேண்டும்.

வண்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அடிக்கிற ஆளின் நெஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்பிரே கன்னிலிருந்து பறக்கும் ஐசோசயனேட் துளிகள் தொழில்சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகமறிந்த காரணங்களில் ஒன்று. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சுத் திணறலுக்குப் போதும். பலருக்கு அந்த வேலையையே விடுவதுதான் வழியாகிறது. மூக்கை நம்பவும் முடியாது. வாசனை தெரிகிற அளவு வருவதற்குள் பாதுகாப்பான எல்லை தாண்டியிருக்கும். முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் தூசிக்குச் சரி, இந்த ஆவிக்கு ஆகாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் முகமூடியே உண்மையான காப்பு. கையுறையும் வேண்டும், தோல் வழியாகவும் ஒவ்வாமை வரலாம். கன்னை நிறுத்திய பிறகும் துளிப்படலம் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் மிதக்கும். வேலை முடிந்தது என்று முகமூடியைக் கழற்றிவிட்டு, உதவிக்கு நிற்கும் பையனையும் கூப்பிட்டு அழகு பார்ப்பது அந்த நேரத்தில்தான்.