குடும்பமே கூடிச் செய்யும் சக்கர வீடு!

பத்தடி அறையில் எட்டுப் பேர் படுத்து எழுந்த ஊர் தங்கவயல். ஊரிகம், மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல் என்று எந்த லைனுக்குப் போனாலும் இதே கதைதான். முதலில் மூங்கில் தட்டி வீடு. பிறகு சுவர் வைத்த லைன் வீடு. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலிருந்து வந்த விருந்தாளி, சாமி படம் எல்லாம் அதற்குள்ளேயே. பகல் ஷிப்டுக்குப் போனவர் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்தவர் படுப்பார்.

அந்த ஊர்க்காரர்களிடம் போய், "எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கம் சமையல் அறை. மொத்தத்தையும் காரின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். "நம்ம வீடுதான், சக்கரம் மட்டும் புதுசு" என்பார்கள்!

இந்தக் குட்டி வண்டிக்கு வெளிநாட்டில் 'டியர் டிராப்' என்று பெயர். அதாவது கண்ணீர்த் துளி. பயப்பட வேண்டாம், அழுகைக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் முன்பக்கம் உருண்டையாகவும், பின்பக்கம் சரிந்து மெலிந்தும், ஒரு துளி படுத்திருப்பது போலத் தெரியும். அவ்வளவுதான்.

தேன்நிலவுக்குச் செய்த வண்டி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்று ஓர் ஊர். அங்கே லூயிஸ் ரோஜர்ஸ் என்பவர் 1930-ம் ஆண்டு வாக்கில் தன்னுடைய தேன்நிலவுப் பயணத்துக்காக இப்படி ஒரு வண்டியைச் செய்துகொண்டார் என்றும், அதுவே முதல் வண்டி என்றும் இந்த வண்டிப் பிரியர்கள் சொல்வது வழக்கம். அது அங்கே பெரும் பணமுடை நிலவிய காலம். ஓட்டலில் அறை எடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழியாகப் பட்டது.

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. விமானத்துக்கென்று உருட்டிய அலுமினியத் தகடு மிஞ்சியது. பழைய ஜீப் சக்கரங்களும் கிடைத்தன. 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை, வீட்டிலேயே செய்துகொள்ளும்படி இந்த வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. அந்த ஊர்த் தச்சரும், மெக்கானிக்கும், ஆபீஸ் குமாஸ்தாவும் தங்கள் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு கார்கள் பெரிதாயின. இழுக்கும் வண்டிகளும் பெரிதாயின. குட்டி வண்டியை மறந்துபோனார்கள். 1990-களுக்குப் பிறகுதான் அதற்கு மறுபடி மவுசு வந்தது.

நாமக்கல் இளைஞர்

நம் பக்கத்தில் இப்படி யாரும் செய்ததில்லையா? கிட்டத்தட்ட இதே வேலையை ஒருவர் செய்திருக்கிறார். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர், கட்டிடக் கலை படித்தவர். 2019-ல் மூன்று சக்கர ஆட்டோ ஒன்றின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டையே ஏற்றிவிட்டார்! படுக்கை, சமையல் இடம், கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் 600 வாட் சூரிய மின்தகடு எல்லாம் அதில் அடக்கம். செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். வேலை முடிய ஐந்து மாதம் ஆனதாம். இடித்த கட்டிடங்களின் சாமான்களையும் பழைய பஸ்சின் பாகங்களையும் அவர் பயன்படுத்தினார். 2021-ல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டியதும் நாடு முழுவதும் இந்த வீடு பேசப்பட்டது.

இதில் தங்கவயல்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சென்னையிலும் மும்பையிலும் குடிசைப் பகுதி மக்கள் சின்ன இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகே அவருக்கு இந்த யோசனை பிறந்தது. லைன் வீட்டில் குடித்தனம் நடத்திய ஒவ்வொரு தாய்க்கும் அந்தப் படிப்பு ஏற்கெனவே கைவசம் உள்ளது. எந்தப் பானைக்குள் எந்தப் பானை அடங்கும், கட்டிலுக்கு அடியில் எத்தனை பெட்டி போகும், பாயைச் சுருட்டினால் எந்த மூலையில் நிற்கும் என்பதை அவரைக் கேட்காமல் பலகையில் ரம்பத்தை வைப்பது முட்டாள்தனம்.

கை இருக்கிறது, வேலை?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இந்த ஊர் பிட்டர்களையும் டர்னர்களையும் வெல்டர்களையும் தச்சர்களையும் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது. 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையில் மண் அள்ளும் ராட்சத எந்திரங்களைப் பூட்டிய கைகளும் இங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அப்பாவின் கைத்தொழில் பையனுக்கு வருவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு வண்டி வேலையை எடுத்தால் அந்த நேரம் கிடைக்கும். ஓய்வு பெற்ற தாத்தா வெல்டிங் பிடிப்பார். பேரன் அளவு எடுப்பான். மாப்பிள்ளைக்கு எலக்ட்ரிக் வேலை தெரிந்தால் விளக்கும் ஒயரும் அவர் பொறுப்பு. திரைச்சீலையும் மெத்தை உறையும் தையல் மிஷின் வைத்திருக்கும் அத்தையின் பொறுப்பு. உப்புத்தாள் தேய்க்கும் வேலை மட்டும் யாருக்கும் பிடிக்காது. அதை எல்லாரும் முறை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல மாத வேலை இது.

எப்படிச் செய்வது?

எட்டடிக்கு நாலடி என்ற அளவு எங்கிருந்து வந்தது? பிளைவுட் பலகையின் அளவே அதுதான்! ஒரு முழுப் பலகை தரை. பக்கத்துக்கு ஒரு பலகை. வெட்டிச் சேதமாவது குறைவு.

முதலில் சட்டம். இரும்புக் குழாயை நீள்சதுரமாக வெல்டிங் செய்து, முன்னால் இழுகம்பியை நீட்ட வேண்டும். இந்த வேலையில் மட்டும் கற்றுக்குட்டிக்கு இடமே கொடுக்கக் கூடாது. ஒரு பற்று விட்டால் சாலையில் பின்னால் வருகிறவன் தலையில் விடியும். அச்சு, சக்கரம், பேரிங் ஆகியவற்றையும் பழைய இரும்புக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

பக்கப் பலகையில் துளி வடிவத்தை வரைவதுதான் வேலையிலேயே உற்சாகமான நேரம். ஒரு மெல்லிய மரச் சட்டத்தை வளைத்துப் பிடித்தால் கோடு தானாக அழகாக வரும். அதைப் பிடிக்க நாலு கை வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய இடம் இது. ஒரு பக்கத்தை வெட்டி முடித்ததும் அதையே அச்சாக வைத்து மறுபக்கத்தை வெட்ட வேண்டும். தனித்தனியாக வரைந்தால் வண்டி கோணிக்கொள்ளும்.

கூரையை வளைப்பது எப்படி? தடித்த பலகை வளையாது, உடையும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பலகையை ஈரத் துணியால் நனைத்து, மெதுவாக வளைத்து, திருகு போட வேண்டும். காய்ந்த பிறகு அதன் மேல் பசை தடவி இன்னொரு பலகை. இரண்டும் சேர்ந்தால் இரும்பு மாதிரி நிற்கும். அதற்கு மேல் அலுமினியத் தகடு. ஓரத்தில் எங்கெல்லாம் இணைப்பு வருகிறதோ அங்கெல்லாம் தண்ணீர் புகாத பசை. இந்த வண்டிக்கு முதல் எதிரி மழைதான். இணைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும். இரண்டு மழைக்காலத்தில் பலகை உப்பிப் போகும்.

பின்பக்கச் சரிவு முழுவதும் மேல்நோக்கித் திறக்கும் ஒரே கதவு. திறந்தால் அதுவே நிழல் தரும் பந்தல். அதன் கீழே அடுப்பு, பாத்திரத் தட்டு, அஞ்சறைப் பெட்டி. நின்றுகொண்டே சமைக்கலாம். வண்டிக்கு உள்ளே நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டிய தாத்தாக்கள் இந்த இடத்தில் எஞ்சினீயரை மிஞ்சுவார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனாலோ நுகம் மேலே தூக்கும். இழுவண்டிக்கும் இதே சட்டம்தான். ஒரே வித்தியாசம், மாடு நின்றுவிடும், கார் நிற்காது. பின்பாரமான வண்டி வேகத்தில் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்து, இழுக்கும் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வண்டி 400 கிலோ என்றால் கொக்கியில் 40 முதல் 60 கிலோ. சமையல் அறை பின்னால் இருப்பதால் அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி வைக்கிறார்கள். அப்படி வைத்தும் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், காஸ் அடுப்பு என்று எல்லாவற்றையும் பின்னாலேயே அடுக்கிவிட்டு, "மாமா, மூக்கு தூக்குதே!" என்று மருமகன் கத்தினால் பயன் இல்லை. புறப்படும் முன்பே கொக்கியை எடை மிஷின் மேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இழுக்கும் காரையும் யோசிக்க வேண்டும். பழைய மாருதி 800 காரின் சொந்த எடையே சுமார் 650 கிலோதான். அதன் முதுகில் 400 கிலோவைக் கட்டுவது பாவம்!

கரி அடுப்பு வேண்டாம்

தங்கவயலில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிருக்கு வண்டியின் உள்ளே கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தினால், படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நல்ல காற்றின் அருமை அறிந்து பிழைத்தவர்களின் ஊர் இது. மேலே வந்து, எட்டடிப் பெட்டிக்குள் உயிரை விடலாமா? சமையல் பின்கதவைத் திறந்து வெளியில்தான். இரவில் இரண்டு பக்கமும் கைப்பிடி அளவாவது காற்றுவழி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்காற்றே உள்கூரையில் நீராகக் கோத்து, விடியும்போது மெத்தை நனைந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலகை வாங்கும் முன்பு முதல் படி ஏற வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, எஞ்சின் இல்லாவிட்டாலும் காரால் இழுக்கப்படும் வண்டியும் மோட்டார் வாகனம்தான். 39-வது பிரிவின்படி பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. காரையே வெட்டி ஒட்டி மாற்றலாம் என்று நினைத்தாலும் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே என்ன அளவு, என்ன சான்று, எந்த பிரேக், எந்த விளக்கு என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஆறு மாதம் உழைத்துச் செய்த வண்டியை வாசலில் கோழிக்கூண்டாக நிறுத்தி வைக்கும் துயரம் எதற்கு?

லைன் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் துயரம் தெரியாததல்ல. தாத்தா காலத்திலிருந்து சொந்தச் செலவில் தாழ்வாரம் இறக்கி, சுவர் எழுப்பிக் குடியிருந்த வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரும்படி சுரங்கம் மூடிய பிறகு எத்தனை ஆண்டுகள் கேட்டார்கள்! உழைப்பு ஒருவருடையது, பத்திரம் வேறொருவருடையது என்ற நிலைமை வண்டியிலாவது வேண்டாம். பதிவுச் சீட்டு கையில் இருந்தால் வண்டி முழுக்க முழுக்கக் குடும்பத்தின் சொத்து.

முதல் பயணம்

வண்டி தயார். எங்கே போவது? வேளாங்கண்ணித் திருவிழா, திருவண்ணாமலை தீபம், ஆம்பூர் குடியாத்தம் பக்கம் சொந்த ஊர் என்று ஆளுக்கு ஓர் ஆசை இருக்கும். சொந்த ஊரில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இடம் இல்லாவிட்டாலும் வாசலில் வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் சிரமம் இல்லை.

வி.கோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதை மட்டும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். இறக்கத்தில் பின்வண்டி காரைத் தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலேயே கீழ்க் கியருக்கு மாற்றி எஞ்சினால் தாங்கி இறங்கப் பழக வேண்டும்.

முதல் ஞாயிறு, ஊரிகத்திலிருந்து பங்காரப்பேட்டை வரை போய்த் திரும்பினால் போதும். வழியில் இரண்டு முறை நிறுத்தி, சக்கரத்தின் நடுக் குடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி, தாத்தாவைக் கூப்பிட வேண்டியதுதான்.